கரித்துண்டால் வரைந்த மகன்

என் வீட்டுக்காரர் போரை வரைகிறவர். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லக் கரித்துண்டால் வரைவார். பதுங்கிக் கிடந்த பங்கர், குண்டு விழுந்த செல்லடி, கைதவறிப் போன பிள்ளைகள். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் சிரித்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. "கல்யாண போட்டோவையாவது மாட்டுங்களேன்" என்றால், "அதுவும் போர்தானே" என்பார். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சல் இல்லை.

ஆனால் கேட்க உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. எதிரே இருப்பவர் அழ ஆரம்பித்தால் கரியைக் கீழே வைத்துவிடுவார். அவர்களாகப் பேசும்வரை எடுக்கமாட்டார். இந்த மனிதரின் சட்டையில் எவ்வளவு கரி இருந்தாலும் துவைக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றும்.

மேடவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா வந்தார். அவருடைய மகன் 2009-இல் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்றே நம்புகிறார். போட்டோ ஒன்றும் மிஞ்சவில்லை, முகம் மறந்துவிடுமோ என்று பயம். ஞாயிறுதோறும் வந்து, மூக்கைச் சொல்லி, புருவத்தைச் சொல்லி, பையனைத் தாளுக்கு வரவழைத்தார்.

ஃபிரேம் போடக் கொடுத்த படத்தை, ஆபீஸ் விட்டு வரும்போது தாம்பரத்தில் நான்தான் வாங்கினேன். பேப்பர் சுற்றித் தந்தார்கள். அந்த அம்மா எங்கள் ஹாலில் ஆசையாகப் பிரித்தார். கண்ணாடிக்கு மேல் சந்தன மாலை. கறுப்பு வெள்ளையில் ஓர் இளம் முகம் வந்தால் கடைக்காரர் வேறென்ன நினைப்பார்? பாவம், இலவசமாகவே போட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து மாலையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா, கடையில தெரியாம..."

அந்த அம்மா அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை கடைக்காரரில இல்லைத் தம்பி. நான்தான் இவனைக் காணாமப் போன வயசிலேயே வைச்சிட்டன். உயிரோட இருக்கிற பிள்ளை வளர்ந்திருக்கும்தானே? இப்ப நரை விழுந்திருக்கும். கன்னமும் கொஞ்சம் சதை வைச்சிருக்கும். அப்பிடிக் கீறித் தாங்கோ."

இத்தனை வருஷத்தில் இவரிடம் யாரும் அப்படி ஒரு முகம் கேட்டதில்லை. புதுத் தாள் எடுத்து அதே கண்களை மறுபடி போட்டார். காதோரம் ரப்பரால் கரியை ஒற்றி எடுக்க, நரை வந்தது. வரையும்போது இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னும் கொஞ்சம் வையுங்கோ தம்பி" என்றார் அந்த அம்மா. "அவன்ர அப்பாவுக்கும் கெதியா, சின்ன வயசிலேயே நரைச்சது."