பாடியது அன்ரனா, செல்வமா

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கப் போகையில் வட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வந்து விழுந்தது. அனுப்பியவள் நிருஷா, போன மாதம் தவறிப்போன என் நண்பன் அன்ரனின் ஒரே மகள். தகப்பனுடைய அலுமாரியில் கிடந்த பழைய கசற்றை யாரிடமோ கொடுத்துக் கணினிக்கு மாற்றியிருக்கிறாள். கிற்றார், பின்னால் நான் அடித்த றம்ஸ் மேளம், நடுவில் ஒரு ஆண்குரல், ஆங்கிலப் பாட்டு. கேட்டு முடிக்கமுன் அவளே போன் எடுத்தாள்.

"அங்கிள், இது அப்பாதானே? முப்பத்தோராம் நாள் பூசை முடிய ஹோலில போடப்போறன். அப்பான்ர வொய்ஸ் எண்டு என்னட்ட வேற ஒண்டும் இல்லை. ஷுவரா சொல்லுங்கோ."

'ஓம்' வாய்வரை வந்தது. ஆனால் அது எங்கள் பழைய பாட்டுக்குழுவின் மற்றப் பாடகன் செல்வம் போலவும் இருந்தது. "கேட்டுச் சொல்லுறன் பிள்ளை" என்று போனை வைத்தேன்.

சிரிக்காதீர்கள். றம்ஸ் அடிப்பவனுக்குப் பாடகர்களின் முதுகுதான் தெரியும். இரண்டு முதுகுகளைக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்.

பாட்டுக்குப் பின்னால் மெல்லிய உறுமல் ஒன்றும் கேட்டது. அது உடுப்புக் காயவைக்கும் மெஷின். அதைக் கேட்டதும் அதற்குள் போடும் வாசனைத் தாளின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் செல்வத்தின் அக்கா வீட்டுக் கீழ்த்தள பேஸ்மன்றில்தான் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் பயிற்சி. ஒரு பக்கம் அக்காவின் உடுப்புக் குவியல், மறுபக்கம் நாங்கள். எங்கள் பாட்டைவிட அந்த மெஷின் தாளம் தவறாமல் ஓடியது என்று அக்கா சொல்வார்.

அன்ரன் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன், ரொக் பாட்டுப் பைத்தியம். தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவான். செல்வம் தேவாரம் பாடி வளர்ந்தவன். ஃபாக்டரியில் கூட வேலைசெய்த ஜமேக்காக்காரர் ஒருவர் காட்டிய சோல் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டில் விழுந்தவன் எழும்பவேயில்லை. ஒரு சொல்லைப் பிடித்தால் இழுத்து, உருக்கி, கேட்பவரை அழப்பண்ணிவிட்டுத்தான் விடுவான். இந்த இரண்டு பேரையும் ஒரு மேடையில் ஏற்ற நாங்கள் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கு என் கழுத்தை அறுக்கிறது. பயிற்சி தொடங்கமுன் ஒருவனுடைய பாட்டை மற்றவன் பாடவேண்டும், அதுவும் அவனைப் போலவே. முதலில் பகிடிக்குத்தான் செய்தோம்.

"டேய், நான் உப்பிடியே கத்துறனான்?" என்பான் அன்ரன்.

"நீ உதைவிட மோசம். நான் மரியாதையாக் கத்துறன்" என்பான் செல்வம்.

வர வர அன்ரனும் சொல்லை இழுக்கத் தொடங்கினான். செல்வத்தின் தொண்டையில் கரகரப்பு ஏறியது. கலியாண வீட்டு நாளில் ஒருவனுக்கு வேலை வந்துவிட்டால் மற்றவன் இரண்டு பேருடைய பாட்டையும் பாடுவான். சனம் புரியாணியில் கவனமாக இருக்கும், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. எங்களுக்கு அதில் பெருமை வேறு.

வடக்கே ஸ்ரௌவ்வில் ஊருக்குக் காரை விட்டேன். செல்வம் அங்கேதான் மகனோடு இருக்கிறான். பாட்டைப் போட்டேன்.

"உது நான்தான்" என்றான். திரும்பவும் கேட்டான். "இல்லை, அந்த இடத்தில நான் மூச்சு எடுக்கமாட்டன். அவன்தான்." பிறகு தலையில் கைவைத்தான். "அந்த மூச்சை நானும் அவனிட்டத்தானே படிச்சனான்."

பிள்ளை தகப்பனுடைய குரலைக் கேட்கிறது. பிழையான ஆளின் குரலை எடுத்துக் கொடுத்துவிட்டால் அது எவ்வளவு பெரிய பாவம். அவளுக்குப் போன் எடுத்து, "தெரியேல்லைப் பிள்ளை, ரெண்டு பேருக்கும் தெரியேல்லை" என்றேன்.

"எண்டாலும் போடுறன் அங்கிள்" என்றாள்.

பூசை முடிந்து ஹோலில் பாட்டு ஒலித்தபோது, "அச்சொட்டா அன்ரன்" என்று ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். நிருஷா எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் செல்வம் அழுதுகொண்டிருந்தான். என் காதுக்குள் சொன்னான்:

"மச்சான், நான் செத்தாலும் உதையே போடுங்கோ."

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன். "அன்ரனைக் காணமுந்தி பாடின மாதிரி ஒருக்காப் பாடன்."

சந்தோஷமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். வந்தது அன்ரன். நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கினான். அப்போதும் அன்ரன்தான்.

"என்ர பழைய குரல் போயிட்டுது மச்சான்" என்றான்.

அந்த முதல் குரல் எப்படி இருந்தது என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.