இரண்டு கரைக்கும் வெளியாள்

தோள்பட்டையை இரண்டு விரலால் அழுத்தி, அந்த எலும்பின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே பாலத்தில் நடப்பாள் என் தம்பி மகள். அடுத்து முழங்கை. அடுத்து மணிக்கட்டு. பார்க்கிறவர்கள் அரிப்பு என்று நினைப்பார்கள். பாலத்துச் சோதனைச் சாவடியில் லாரி நிறுத்துகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எலும்பு.

"என்ன எலும்பு, இன்னைக்கு எதுவரைக்கும் வந்திருக்க?"

"உங்க மண்டையோடு வரைக்கும்ணே. உள்ள தேடுறேன், ஒண்ணும் காணோம்."

வாய் நீளம். எங்கள் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம். தம்பி வீடு இங்கே. பள்ளிக்கூடம் அங்கே, நடக்கிற தூரம்தானே என்று தம்பி சேர்த்தான். அதுதான் அவன் செய்த குற்றம். எங்கள் சித்தப்பா பெண் எடுத்தது அந்தக் கரையில். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். கல்யாணத்தில்கூட எந்தக் கரை என்று ஒருவரும் கேட்டதில்லை. டாக்டர் படிப்புக்குப் போனால் கேட்கிறார்கள். இங்கே, "நீ அங்க படிச்சவ" என்று தள்ளினார்கள். அங்கே, "நீ இங்க குடியிருக்கல" என்று தள்ளினார்கள்.

அக்கரை மருத்துவக் கல்லூரி தம்பி வீட்டு மாடியில் நின்றால் தெரியும். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவளைவிடக் குறைவாக மார்க் வாங்கியவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. "சந்தோஷம்தான் அத்தை. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சந்தோஷப்படுறேன்" என்றாள்.

அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு மட்டும் அவள் வேண்டும். எளிதில் கிடைக்காத வகை ரத்தம். கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள்.

போன வாரம் கடைசியாகக் கேட்டுப் பார்க்க நானும் கூடப் போனேன். சேர்க்கை அறை எழுத்தர் தலை நிமிரவில்லை.

"வெளி மாநிலமா? முடிஞ்சு போச்சும்மா."

"நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டவங்க" என்றேன்.

"அப்ப உங்களுக்கு வேணா சீட்டு குடுக்கலாம் பாட்டி."

அப்போது அவள் போன் அடித்தது. ரத்த வங்கி. பிரசவத்தில் ஒருத்தி மோசமாகக் கிடக்கிறாளாம்.

"இங்கதான் நிக்கிறேன். வர்றேன்."

போனை வைத்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, எழுத்தரின் காகிதங்கள்மேல் கையை மல்லாக்க நீட்டினாள்.

"வெளி மாநில ரத்தம் சார். உள்ள விடலாமா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. சுருட்டிய கையை இறக்காமலே ரத்த வங்கிப் படிகளில் ஏறி ஓடினாள்.