பிஸ்கட் பேணி வைத்தியம்

இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் எனக்கு 'டொக்டர்' என்று பட்டம். ஓ.எல். சோதனையில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவன் நான். என் ஆஸ்பத்திரி ஒரு பிஸ்கட் பேணி, வெறும் தகர டப்பா.

நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஊரில் டொக்டரிடம் போக அரை நாள் வேண்டும். சந்திக் கடையில் குளிசை வாங்க அரை நிமிடம் போதும். தலையிடிக்கு வெள்ளை, காய்ச்சலுக்கு மஞ்சள் என்று கேட்டு வாங்கி வளர்ந்தவர்கள். பலேர்மோவில் மருந்துக் கடைக்காரர் டொக்டர் எழுதித் தந்த துண்டு கேட்டார். நாங்கள் துப்புரவு வேலைக்குப் போன வீடுகளின் குளியலறை அலமாரிகள் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் குளிசைகளைச் சட்டைப் பையில் போட்டு வருவோம். பேணியில் இடம் காணாதென்று பெட்டிகளையும், உள்ளே இருந்த விளக்கத் தாள்களையும் நான் எறிந்துவிடுவேன். நான் வேலை செய்த வீட்டுக்காரி சினியோரா எந்த வருத்தத்துக்கு எதை விழுங்குகிறாள் என்று கண் வைத்திருப்பதுதான் என் படிப்பு. அதைப் பெரிய கெட்டித்தனம் என்றும் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, மற்ற மூவரும் பூசைக்குப் போயிருந்தார்கள். என்னோடு அறையில் இருந்தவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மச்சான், விழுங்கேலாமல் கிடக்கு. ஏதும் இருக்கோ?"

"இதைப் போடு. பின்னேரம் எழும்பிப் பந்தடிப்பாய்."

பேணியிலிருந்த ஒரு அட்டையில் ஒரு குளிசையை உடைத்துக் கொடுத்துவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் போட்டேன். கால் மணி நேரத்தில் அவன் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. கீழ்வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

மருந்து ஏதும் எடுத்தானா என்று அங்கே டொக்டர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

குளிசை அட்டை என் சட்டைப் பையில்தான் கிடந்தது. சினியோராவிடம் கேளாமல் எடுத்தது. அவள் வேலைக் கடிதம் தராவிட்டால் என் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது, நாட்டில் இருக்க முடியாது. அவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது அந்தக் கடிதத்தை. டொக்டர் இன்னொரு தடவை கேட்டார். "இரவு மீன் சாப்பிட்டவன்" என்று பொய்க்கு மேல் பொய் வைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

கதைக்க முடியாமல் கிடந்தவன் கையைத் தூக்கி என் சட்டைப் பையைக் காட்டினான். டொக்டரே அட்டையை உருவி எடுத்தார். அதை எங்கே எடுத்தாய் என்று கடைசிவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீடு திரும்பினான். என் பொய்யைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த கிழமை பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்து டெலிபோன் கடையில், கொழும்புக்கு வந்திருந்த தாயோடு கதைத்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

"தம்பி, நீங்கள்தான் என்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினனீங்களாம். நீங்கள் நல்லா இருக்கோணும்." அழுதார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு மருந்துகள் தெரியுமெண்டு இவன் முந்தி எழுதினவன். எனக்கு முழங்கால் உளைவு, தம்பி. அங்கத்தைக் குளிசை ஏதும் இருந்தால் ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ."

அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஓம் அம்மா, அனுப்பிவிடுறன்" என்றேன்.