கதவுக்குள் இறங்கிய தண்ணீர்

சித்தப்பாவின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக் கதவு எதைப் பழுது பார்த்தாலும் உள்ளே ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒழுகுகிறதா என்று பார்க்க, கதவை மூடி வெளியிலிருந்து ஹோஸில் தண்ணீர் அடிப்பார்கள். டிப்ளமோ முடித்து அங்கே சேர்ந்த நாள் முதல் அந்த ஆள் நான்தான். சின்ன உடம்பு, கையில் டார்ச்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காரவன் வந்தது. சுற்றுலாக்காரர்கள் படுத்து உறங்க, ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வண்டி. அடுப்பும் கூடாரமும் வைக்க வெளிப்பக்கத்தில் ஆறு சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. எல்லாக் கதவுகளும் ஊறி உப்பியிருந்தன. தகட்டை உரித்தால் உள்ளே ப்ளைவுட் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. புதிதாக வெட்டிப் பொருத்தி, தகட்டை மடக்கி, சட்டத்தில் ரப்பர் பதித்தேன். கடைசியில் சித்தப்பா கதவின் நான்கு விளிம்பிலும் சிலிக்கான் பசை இழுத்து அடைத்தார். அந்த வேலையை வேறு யாரும் தொட விடமாட்டார்.

அன்று சாயங்காலம் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து எனக்குச் சென்னை வண்டி. அங்கே வேலை கிடைத்த தொழிற்சாலையில் திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். "இந்த வேலை முடியட்டும், போகலாம்" என்று சித்தப்பா முன்பு ஒரு பஸ் பழுதுக்கு வந்தபோதும் ஓர் ஆம்புலன்ஸ் வந்தபோதும் சொல்லி என்னை நிறுத்தியிருந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவரை மீறிப் போக வீட்டில் யாருக்கும் தோன்றாது, எனக்கும்.

"எடீ, ஒரு துளி உள்ளே வரலேன்னா பெட்டியைத் தூக்கிக்கோ. வந்துச்சுன்னா இந்த மழை கழியட்டும், கேட்டோ?"

நான் முதல் அறைக்குள் ஏறியதும் கதவை அடைத்தார். கைப்பிடி வெளியே மட்டும்தான். முழங்கால் முகவாயில் முட்ட, பசை வாடையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தகட்டில் அறைந்தது. வரிசையாகப் பார்த்தேன்: ரப்பர், பூட்டு, தரை. எல்லாம் காய்ந்திருந்தன.

அப்போதுதான் அது கேட்டது. தகட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கும் சத்தம். மேலே கீலின் திருகாணி வழியாக வருகிறது. கீழே போக வழியில்லை, சித்தப்பாவின் சிலிக்கான். தேங்கும், ஊறும், மறுபடி உப்பும்.

"சொட்டுதா?" என்று வெளியிலிருந்து சித்தப்பா கேட்டார்.

சொட்டவில்லை என்பது உண்மைதான். என் பெட்டி பட்டறை மேஜைக்கடியில் தயாராக இருந்தது.

"மெட்ராஸ்காரி இப்பவே நம்ம கூடப் பேச மாட்டா போல" என்றார். வெளியே சிரித்தார்கள்.

"அறைக்குள்ளே வரலை சித்தப்பா. கதவுக்குள்ளே இறங்குது."

தண்ணீர் நின்றது. கைப்பிடி திரும்பவில்லை.

"நான் அடைச்ச அடைப்பிலே எப்படி இறங்கும்?"

"திறங்க, காட்டறேன்."

சற்றுக் கழித்தே திறந்தார். ட்ரில்லை வாங்கி, கதவின் அடிவிளிம்பில், அவர் சிலிக்கானைத் துளைத்து இரண்டு ஓட்டை போட்டேன். தண்ணீர் கோடாக ஒழுகி அவர் செருப்பை நனைத்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கி அஞ்சும் இப்படித்தான், அல்லே?"

"ஆமா. எல்லாத்தையும் காய வைக்கணும். திருகாணிக்கு ரப்பர் வாஷர் போடணும். அடியில ஓட்டை விடணும்."

"கண்டுபிடிச்சவளே போயிட்டா இதெல்லாம் யாரு செய்யறது?"

கோபமே இல்லை. அங்கிருந்த எல்லோரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கதவைக் கழற்றும்போது மழை வலுத்தது. சென்னை வண்டி அதற்குள் புறப்பட்டிருக்கும். முதல் கதவுக்கு வாஷர் போட்டுத் திரும்ப மாட்டியிருந்தார்கள்.

"உள்ளே கேறு மோளே, ஒண்ணு பார்த்திரலாம்" என்றார் சித்தப்பா.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினேன். கதவு மூடியது. வெளியே கைப்பிடி திரும்பியது.