பேருந்தில் போன கெண்டைகள்

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி மூன்றாம் வருடம், கோவிலம்பாக்கத்தில் மேல்தளம் இல்லாத ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனோம். பின்பக்கம் ஒரு கிணறு. கோடையில் மோட்டார் போட்டால் இருபது நிமிடம் தண்ணீர் வரும். பிறகு காற்றை இழுத்துக்கொண்டு இருமும். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் தோட்டமும் போட வேண்டும் என்றாள் என் மனைவி.

"இருக்கிற தண்ணி நமக்கே பத்தல. செடிக்கு எங்க போறது?"

"ஒரே தண்ணிய ரெண்டு தடவ யூஸ் பண்ணலாங்க," என்றாள்.

அவள் நர்ஸ். எதையும் அளந்து கொடுத்துப் பழகியவள். வீடு கட்டும்போது செங்கல் நனைக்கக் கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்று கொசு மண்டிக் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, கூடுவாஞ்சேரிப் பக்கம் குளம் வெட்டி மீன் வளர்க்கும் ஒருவரிடம் போய், கெண்டைக் குஞ்சுகளைப் பாலிதீன் பையில் வாங்கி வந்தாள். மீன் கழிவு கலந்த அடித்தண்ணீர் செடிக்கு நல்ல உரம் என்று அவர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் தொட்டியின் அடியிலிருந்து இரண்டு வாளி எடுப்பாள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, உயரத்தில் கட்டிய ஒரு டின்னில் ஊற்றுவாள். எடுத்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். டின்னிலிருந்து செடிகளுக்குக் குளுக்கோஸ் டியூப். வேலை செய்யும் இடத்தில் கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்கி, ஊசியைக் கழற்றி, வெந்நீரில் போட்டெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு கத்தரிச் செடியின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் டியூபின் சின்னச் சக்கரத்தைத் திருகுவாள்.

"நிமிஷத்துக்கு இருபது சொட்டு. அதுக்கு மேல வேணாம்," என்பாள், நோயாளியிடம் சொல்வதுபோல. வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பி வெயிலையும் மறைத்தாள். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் கத்தரிக்காய் காய்த்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்குச் சவூதியில் வேலை கிடைத்தது. வீட்டை முடிக்க வேண்டும், போகட்டும் என்று நான்தான் சொன்னேன். மூன்று வருட ஒப்பந்தம். கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். என்னை விசாரித்து நாலு வரி, மீனுக்கும் செடிக்கும் ஒரு பக்கம். எனக்குக் கோபம் வரும். கோபத்தோடே தோட்டத்துக்குப் போய் எல்லாச் சக்கரத்தையும் சரிபார்ப்பேன்.

அவள் போன மறுவருடக் கோடையில் மோட்டார் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. முதலில் வெண்டை போனது, பிறகு கத்தரி. தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் பதினான்கு கெண்டைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. பள்ளிக்கரணைச் சதுப்பில் விட்டுவிடச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். மனம் வரவில்லை. அங்கே விட்டால் அவை யாருடைய மீனோ ஆகிவிடும். அவள் வந்து கேட்டால் காட்ட வேண்டுமே.

குஞ்சு வாங்கிய கூடுவாஞ்சேரிக் குளத்திலேயே விட்டுவைக்கலாம் என்று, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பெயின்ட் டப்பாக்களில் மீன்களோடு காலையில் தாம்பரம் பேருந்தில் ஏறினேன்.

"இன்னா சார் இது, பஸ்ஸா மீன் மார்க்கெட்டா?" என்றார் கண்டக்டர். ஆனாலும் இறக்கிவிடவில்லை.

எதிரே கூடையோடு மீன் விற்கப் போகும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"கைய வுட்டு அலசிக்கினே இரு சார். தண்ணி சும்மா நின்னா மீனு மூச்சு முட்டிப் பூடும். துன்றதுக்கா?"

"இல்லம்மா, வளக்கறதுக்கு. என் சம்சாரம் வளத்தது. அவங்க சவூதியில இருக்காங்க."

 அவர் ஒரு டப்பாவைத் தன் காலடிக்கு இழுத்து, வளையல் கையை உள்ளே விட்டு அலச ஆரம்பித்தார். "அது வந்து கேட்டா பதில் சொல்லணும்ல," என்றார். தாம்பரம் வரை இரண்டு பேரும் அலசிக்கொண்டே போனோம். கூடுவாஞ்சேரிப் பேருந்தில் என்னை ஏற்றி, டப்பாவையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் தன் கூடையை எடுக்கப் போனார்.

அதன்பிறகு இரண்டு டப்பாவுக்கும் நான் ஒருவன்தான். குளத்தை அடைந்தபோது மூன்று மீன்கள் மல்லாந்திருந்தன. பதினொன்றைக் குளத்துக்காரர் வாங்கிக்கொண்டார். பதினான்கும் சுகமாகப் போய்ச் சேர்ந்தன என்று அன்றே கடிதம் எழுதினேன்.

அடுத்த வருடம் ஒரு மாத லீவில் வந்தாள். இளைத்திருந்தாள். வந்த மூன்றாம் நாளே குளத்துக்குப் போகலாம் என்றாள்.

"உங்க பதினொண்ணும் நல்லா கீதுக்கா," என்றார் குளத்துக்காரர். "ஆனா எது உங்களுதுன்னு காட்ட முடியாது. எல்லாம் ஒண்ணா கலந்துகினு சுத்துது."

பதினொன்று என்றதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் வெகுநேரம் நின்றாள். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வெண்டைப் பாத்திக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், வண்டலூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள். "இன்னும் என்னெல்லாம் எனக்கு எழுதாம வச்சிருக்கீங்க?"

தனியாகச் சமைத்து, பாதியைத் தின்று, மீதியை மீனுக்குப் போட்டதை எழுதவில்லை. உலர்த்தும் கொடியில் அவளுடைய சேலை ஒன்றை ஒரு மாதம் எடுக்காமல் விட்டிருந்ததை எழுதவில்லை. "ஒண்ணுமில்ல," என்றேன்.

"நான் போகாம இருந்துடட்டுமா?"

"கான்ட்ராக்ட் இன்னும் முடியலியே," என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். அந்த ஒப்பந்தம் முடிந்து இன்னொன்றில் கையெழுத்துப் போட்டாள். அவள் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இருந்தன. எங்களைச் சுற்றி வயல் ஒன்றுமில்லை, வீடுகள்தான். போர் போட்டிருந்தோம், மாடியும் கட்டியாயிற்று. தொட்டியைப் பார்த்தாள், அதில் நான் போட்டு வைத்திருந்த பழைய சாமான்களைப் பார்த்தாள். காலி செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

இதை எழுதும் இப்போது அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் வருவாள். ஆனாலும் அன்று பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகாமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டவளை நினைத்து இன்னும் ஏங்குகிறேன். இரு, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.