சூரியன் வெடிக்கும்போது நான் குனிய மாட்டேன்

சூரியனைக் கவனிக்கிற வேலை நிழலில் உட்கார்ந்துதான் நடக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். எதையாவது தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியின் மொட்டைமாடியில், தொலைநோக்கியைத் துடைத்துத் திறந்து மூடுவது என் வேலை. பெரிய குழாயில் வெளிச்சத்தைக் குறைக்கிற வடிகட்டி உண்டு. அது பிடிக்கிற படம் கொட்டகைக்குள் கம்ப்யூட்டரில் தெரியும். அதன் முதுகில், சூரியன் எங்கே என்று தேடிப் பிடிக்க இருக்கும் சின்னக் குழாய்க்கு வடிகட்டி கிடையாது, வெறும் மூடிதான். மூடி கழன்ற நேரத்தில் குனிந்து அதில் கண்ணை வைத்தால் கண் போச்சு. வேலைக்குப் போகிற உங்களுக்கும் இப்படி ஒரு பயம் இருக்கும், எனக்கு இது.

முகமூடி

ஒருநாள் பக்கத்துப் பட்டறை ஆட்களுக்குச் சூரியனைக் காட்டினோம். வெல்டர் செல்வம் அண்ணன் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "அண்ணே, இது டிவி மாதிரிதான், கழட்டுங்க" என்றேன்.

"ஒரு தபா வெல்டிங் ஆர்க் வெளிச்சத்தை வெறுங்கண்ணால பார்த்துட்டு, கண்ணுல மண்ணு கொட்டின மாதிரி துடிச்சவன்மா நானு. படத்துல இருந்தாலும் சூரியன் சூரியன்தான்!"

ஃபியூஸ்

சூரியனை ஆராய்கிற எங்கள் கல்லூரிப் பேராசிரியர் மேடம் அன்றைக்கே விளக்கினார். சூரியனில் காந்தக் கோடுகள் முறுக்கிக்கொண்டே போகுமாம். முறுக்கு தாங்காமல் இரண்டு கோடுகள் நெருங்கும் இடத்தில் அறுந்து, ஆள் மாறி ஒட்டிக்கொள்ளுமாம். அடைத்துவைத்த சக்தியெல்லாம் அப்போது வெடித்துக் கிளம்புமாம். எனக்குத் தலை சுற்றியது. இரும்பு ஆலை எலக்ட்ரீஷியன் மட்டும் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் சரி மேடம், இதுக்கு ஃபியூஸ் எங்க வச்சிகிறாங்க?"

எந்தப் பக்கம்?

பெரிய வெடிப்பு வந்தபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் பளபளவென்று பற்றி, ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகின. மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ரெண்டு கோடு பத்திக்கினு எரியுது!" எந்தப் பக்கம் என்றார். திரை இருக்கும் சுவர் பக்கத்து ஊரான ஆரம்பாக்கத்தைப் பார்த்த பக்கம்; அதைப் பார்த்து, "ஆரம்பாக்கம் பக்கம் மேடம்" என்றேன். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

"சூரியனுக்குக் கிழக்கு மேற்கு உண்டு கஸ்தூரிக்கா, ஆரம்பாக்கம் கிடையாது!"

முந்தானை

போன மாதம் தொலைநோக்கியில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாசனை. ஆலைப் புகை என்று விட்டுவிட்டேன். பார்த்தால் என் தோளில் முந்தானை புகைகிறது! யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர் சின்னக் குழாயின் மூடியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்; அதன் வழியே குவிந்த வெயில்தான் சுட்டிருக்கிறது. தோள் இருந்த இடத்தில் கண் இருந்திருந்தால்?

சின்னக் குழாயே வேண்டாம், கழற்றிவிடலாம் என்று மேடத்திடம் சொன்னேன். "இது இல்லாம சூரியனை எப்படிக்கா பிடிப்பீங்க?" என்றார். தரையில் விழும் பெரிய குழாயின் நிழல் சுருங்கி வட்டமாகும்வரை திருப்பினால் போதும், நான் தினமும் அப்படித்தான் பிடிக்கிறேன் என்றேன். அவர் சரி என்றதும் சின்னக் குழாயைக் கழற்றிச் செல்வம் அண்ணனிடம் கொண்டுபோனேன். இரண்டு வாய்க்கும் இரும்பு மூடி போட்டு, யார் கையாலும் திறக்க முடியாதபடி நட்டு முடுக்க வைத்தேன்.

"பார்க்கிறதுக்குச் செஞ்ச பைப்பைக் குருடாக்கச் சொல்ற ஒரே ஆளு நீதாம்மா!"

சூரியனோடு இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் நான் நன்றாகத் தேறியது, அதைப் பார்க்காமல் இருப்பதில்தான்.