முதல் குலவை

சூடான் நாட்டு ஓம்துர்மான் நகரச் சந்தையில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் பாபிகர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. விளக்கு எரிந்தால் வயர் இருக்கும், வயர் இருந்தால் எங்கோ ஒரு சுவிட்ச் இருக்கும். துனிஸ் எரிந்தபோதும் கெய்ரோ கொதித்தபோதும் அவர் கேட்டது ஒன்றுதான்: சுவிட்ச் யார் கையில்? ஜனங்கள் தாமாகவே கிளம்பினார்கள் என்று யாராவது சொன்னால், சின்னப்பிள்ளைப் பேச்சு என்று எழுந்து போய்விடுவார்.

"வீட்டு மொச்சையில உப்பு கூடினாலும் இது எந்தத் தூதரகத்து வேலைன்னு கேப்பீங்க போலிருக்கு" என்று டீ விற்கும் மஹாசின் சீண்டுவாள்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இளவட்டத்தில் அவரும் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்தான். ஆட்சி விழுந்தது. நாலு வருஷத்தில் பட்டாளத்தார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று பட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

ரொட்டிக்குத் திண்டாடிய அந்த டிசம்பரில் அவர் மகன் முஸம்மிலும் ஊர்வலம் போக ஆரம்பித்தான். யாரோ ஆட்டிவைக்கிறான், நீ ஆடுகிறாய் என்று பாபிகர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பையன் கேட்கவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவனைக் குண்டடிபட்டுத் தூக்கிவந்த பிறகு அவருக்கு உறக்கமே போயிற்று. ஆட்டிவைக்கும் ஆளைக் கண்டுபிடித்து முஸம்மில் முன்னால் நிறுத்திவிட்டால் பையன் உயிர் தப்பும் என்று முடிவுகட்டினார்.

ஊர்வலம் ஒரு குலவையில்தான் தொடங்கும். மதியத் தொழுகை முடிந்ததும் சந்தையில் எங்கிருந்தோ ஒரு பெண் குலவையிடுவாள். கண்மூடித் திறப்பதற்குள் தெரு நிரம்பிவிடும். அந்தப் பெண்ணைப் பிடித்தால் அவளை ஏவிவிடுகிற ஆளையும் பிடித்துவிடலாம்.

வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டுத் துணிக்கடை முனையில் போய் நின்றார். ஜனங்கள் வெங்காயம் பேரம் பேசினார்கள், பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. திடீரென்று எழுந்தது குலவை. மணப்பெண்ணை அழைத்துவரும்போது போடுகிற அதே குலவைதான். வெங்காயக்காரர் தராசை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இறங்கினார்கள். மாடிகளிலிருந்து பதில் குலவைகள் கேட்டன. இத்தனை பேர் இவ்வளவு நேரம் எங்கே இருந்தார்கள்? பாபிகருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிரமிப்பில் வந்த வேலை ஒரு கணம் மறந்தே போனது. பிறகு முதல் குரல் வந்த பக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

அங்கே நின்றிருந்தவள் சித்தனா, அவருடைய மனைவி. துக்க வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள்.

கண்ணீர்ப்புகை பரவ, இருவரும் ஒரு சந்துக்குள் ஒதுங்கினார்கள். பாபிகருக்கு மூச்சு வாங்கியது.

"யாரு உன்ன இதுக்கு ஏவிவிட்டது? நெசத்தச் சொல்லு."

சித்தனா இருமி முடித்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் ரொட்டி வரிசையில எனக்கு முன்னால நின்ன புள்ளத்தாச்சி மயங்கி விழுந்துட்டா, முஸம்மில் வாப்பா. எடம் போயிடுமேன்னு ஒருத்தரும் குனியல. நானும் குனியல. அவளத் தாண்டிப் போய்த்தான் ரொட்டி வாங்கிட்டு வந்தேன். நீங்களும் அவனும் சாப்பிட்டீங்க. அன்னையிலேருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல."

அந்த ரொட்டியைச் சூடாக இருக்கிறதென்று இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றது பாபிகருக்கு நினைவு வந்தது. தெருவில் கூட்டம் மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது, அதில் முஸம்மிலின் குரலும் கேட்டது. சுவிட்ச் யார் கையில் என்று பாபிகர் மறுபடி கேட்கவில்லை; அவனை வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை.